மூன்றாம் இடமும் ஒரு பிடி மடு மண்ணும்

1

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் கணவர் கார்ப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார். அரை மணித்தியாலத்துக்குள் அந்த மூன்றாம் இடத்தைப் பறித்துவிட்டார்கள். பறித்ததற்காக நான் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தேன். இதை ஒழுங்காகச் சொல்லாவிட்டால், யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கச்சியைப் போல நீங்களும் "அக்காவுக்கும் விசர் பிடிச்சிட்டுது" என்றுதான் நினைப்பீர்கள். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் கனடாவில், மொன்றியல்-நோரில் மூன்று தட்டு வீடொன்றின் நடுத்தட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மேல்தட்டில் இவருடைய அக்கா பிலோமினா இருக்கிறார். எனக்கு மச்சாள். என் கணவருக்குப் பெயர் மரியதாஸ், வயது நாற்பத்தாறு. மொன்றியல் துறைமுகத்திலிருந்து கொன்ரெய்னர் இழுக்கும் லொறி ஓட்டுகிறார். கிழமை முழுக்க ஸ்ரியறிங்கைப் பிடித்துவிட்டு, ஓய்வு நாளிலும் ஸ்ரியறிங்கைப் பிடிக்கப் போகிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இவர் ஓட்டுவது ஸ்டாக் கார். கூர்மூக்கோடு தரையில் தவழுகிற அந்தப் பந்தயக் காரை நினைத்துவிடாதீர்கள். அது வருஷத்துக்கு ஒருமுறை பணக்காரர் வந்து பார்க்கிற சங்கதி. ஸ்டாக் கார் என்பது உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற அதே கார்தான். சீற்றுகளையும் கண்ணாடிகளையும் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே இரும்புக் குழாய்களால் ஒரு கூடு செய்து, கதவுகளைத் திறக்க முடியாதபடி ஒட்டிவிடுவார்கள். சாரதி சன்னலுக்குள்ளால்தான் நுழையவேண்டும். இவர் முதல்முறை நுழைந்ததைப் பார்த்தபோது, அளவு சிறுத்த சட்டைக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்ட பிள்ளையின் ஞாபகம்தான் எனக்கு வந்தது. சிரித்தேன். அன்றைக்கு இவர் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நகருக்கு வெளியே, சோளத் தோட்டங்களுக்கு நடுவில், முட்டை வடிவில் ஒரு சின்னத் தார்ப்பாதை இருக்கிறது. கோடைகாலத்து ஞாயிறுகளில் காலைப் பூசை முடித்து, மத்தியானம் அங்கே போய்விடுவோம். கோயிலில் ஆட்கள் என்னைப் பார்க்கிற பார்வை வேறு. "மரியதாஸ் குடிக்கிறதில்லை, சீட்டாடுறதில்லை எண்டு பெருமையாய் இருந்தனீர், இப்ப பாரும்" என்று ஒரு அன்ரி எனக்கு ஆறுதல் சொன்னா.

2

இவருக்கு இந்த ஆசை எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேகத்தில் வந்த ஆசை இல்லை இது. எல்லோரும் மெதுவாகப் போனதைப் பார்த்து வந்த ஆசை.

துறைமுகத்தில் இவரோடு வேலை செய்கிற ஒரு கெபெக் மாகாணத்துக்காரர் ஒருநாள் இவரைப் பந்தயம் பார்க்க அழைத்துப்போனார். திரும்பி வந்த மனிதர் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் வந்து நின்றார்.

"இஞ்சை கேளும். ஒருத்தன் சுவரில போய் இடிச்சான். உடன மஞ்சள் கொடி காட்டினாங்கள். அவ்வளவு காரும் மெதுவாக்கினது. பின்னுக்கு நிண்டவன் பின்னுக்கே நிண்டான். ஒருத்தனும் முந்தேல்லை!"

"சப்பாத்தைக் கழற்றுங்கோ" என்றேன்.

"முந்தக்கூடாதாம். இடிபட்டவனை வெளியில எடுக்கும்வரைக்கும் அந்த அந்த இடத்திலதான் போகவேணுமாம். முந்தினா தண்டனையாம்."

ஊர் வாசகர்களுக்கு இந்த ஆச்சரியம் விளங்கும் என்று நினைக்கிறேன். இவர் அங்கே யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் மினிபஸ் ஓட்டியவர். அடுத்த தரிப்பிடத்தில் நிற்கும் சனத்தை யார் முதலில் ஏற்றுவது என்று இரண்டு மினிபஸ்கள் பக்கம் பக்கமாக ஓடும். ஒன்றுக்குக் காற்றுப் போனால் மற்றதுக்குக் கொண்டாட்டம். கொண்டக்ரர் கதவில் தொங்கியபடி கை காட்டிச் சிரித்துக்கொண்டு போவான். சனமும் உள்ளேயிருந்து "விடாதை, விடாதை" என்று சத்தம் போடும். கலியாணம் பேசி வந்த காலத்தில் நானும் அப்படி ஒரு பயணத்தில் இவருடைய பஸ்ஸில் இருந்திருக்கிறேன். வல்லைவெளியில் கண்ணை மூடி, இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று ஒரு முழுச் செபமாலை சொன்னேன். மாதா கேட்கவில்லை.

மஞ்சள் கொடி இவரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வருஷம் ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி, சிநேகிதரின் கராஜில் நிறுத்திக் கூடு கட்டத் தொடங்கினார். நான் கத்தினேன், அழுதேன், சாப்பாடு வைக்காமல் விட்டேன். இவர் தானே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கராஜுக்குப் போனார்.

3

என்னை ஓரளவு அடக்கியது அந்தப் பந்தயத்தின் சட்டப் புத்தகம். நல்ல தடிப்பு. முழுக்கப் பிரெஞ்சு. இவருடைய பிரெஞ்சு துறைமுகத்துப் பிரெஞ்சு. "இடப்பக்கம் திருப்பு, அங்கே இறக்கு, மெர்சி" என்பதோடு முடிந்துவிடும். ஆகவே எங்கள் மகள் ஜெனிற்றாவைக் கேட்கவேண்டி வந்தது.

ஜெனிற்றாவுக்குப் பதினேழு வயது. இரண்டு வருஷமாக எங்களோடு அவள் கதைப்பதே குறைவு. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்லிக்கொண்டே அறைக் கதவைச் சாத்துவாள். பூசைக்கு வருவதில்லை. கொத்துரொட்டி மணக்கும் என்று சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டே பிள்ளை தூரமாகப் போகிறதைப் பார்ப்பதற்கு வெளிநாடு வந்தவர்களுக்குத் தனி நெஞ்சு வேண்டும். எனக்கு அந்த நெஞ்சு இல்லை, சண்டை பிடிப்பேன்.

அப்படிப்பட்டவள் அந்தப் புத்தகத்தோடு குசினி மேசையில் வந்து குந்தினாள். முதலில் சலித்துக்கொண்டுதான் வாசித்தாள். பிறகு அவளுக்கே ருசி பிடித்தது.

"அப்பா, சன்னலில வலை கட்டாயம். கார் பிரண்டா கை வெளியில போகாமல் இருக்கிறதுக்கு. பெல்ற் அஞ்சு இடத்தில இறுக்கவேணும். தலைக்குப் பக்கத்தில இருக்கிற குழாய்க்கெல்லாம் ஸ்பொஞ்ச் சுத்தவேணும்."

"சுத்தியாச்சு."

"கார் இவ்வளவு பாரத்துக்குக் குறையக்கூடாது. குறைஞ்சா ஈயக்கட்டி போடலாம். ஆனா அதை நட்டுப் போட்டு இறுக்கி, வெள்ளைப் பெயின்ற் அடிச்சு, அதில உங்கட கார் நம்பரை எழுதவேணும்."

"ஏன் நம்பர்?" என்று நான் கேட்டேன்.

"கழண்டு ரோட்டில விழுந்தா ஆருடையது எண்டு தெரியவேணுமெல்லோ, அம்மா" என்றாள். எனக்கு அவள் தமிழில் பதில் சொல்லி எவ்வளவோ நாள்.

நான் ஒரு கார்டெரியில் வேலை செய்கிறேன். பால்குடி மறந்த பிள்ளைகளைப் பார்க்கிற இடம். அங்கும் இப்படித்தான், எதற்கெடுத்தாலும் சட்டம். பனிக்காலத்தில் பிள்ளையின் கழுத்தில் சால்வை சுற்றக்கூடாது, சறுக்குமரத்தில் மாட்டிக்கொள்ளும் என்பார்கள். ஒரு தமிழ்ப் பிள்ளையின் கழுத்தில் கிடந்த அந்தோனியார் சுருபக் கயிற்றை நானே கழற்றித் தாயிடம் கொடுத்து ஏச்சு வாங்கியிருக்கிறேன். ஆகவே சட்டம் என்றால் எனக்கு எரிச்சலும் உண்டு, மதிப்பும் உண்டு.

பந்தயத்துக்கு முன்னும் பின்னும் கார்களைச் சோதிப்பவர் ஜோசே என்கிற பெண். பள்ளிக்கூட பஸ்களைத் திருத்தி வயசுபோனவர். இவருடைய பெயர் அவருக்கு வாயில் வராது, "மரியோ" என்றுதான் கூப்பிடுவார். சூயிங்கம் மென்றபடி, கையில் ஒரு குட்டி ரோச்லைற்றோடு காருக்கு அடியில் நுழைந்தாரென்றால் கடவுளே வந்தாலும் வெளியே எடுக்கமுடியாது. இந்தக் கோடையின் தொடக்கத்தில், வென்று வந்த ஒரு காரின் எஞ்சினைத் திறந்து, போடக்கூடாத ஏதோ சாமானைக் கண்டுபிடித்தார். அந்தப் பையன் பந்தயப் பாதை முதலாளியின் மருமகன். முதலாளி அங்கேயே நின்றார். ஜோசே அவரைத் திரும்பியும் பார்க்காமல், அந்தப் பையனுக்கு வருஷம் முடியும்வரை பந்தயம் இல்லை என்று எழுதினார். ஒலிபெருக்கியிலும் அறிவித்தார்கள். "மோசடி" என்றே சொன்னார்கள்.

"சொந்த மருமகனையே!" என்று இவர் அந்தக் கிழமை முழுக்கச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். கோயில் அன்ரிக்கும் சொன்னார். அவவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

4

இப்போது சொல்லப்போவதை இவர் ஒருவரிடமும் சொல்வதில்லை. நான் எழுதலாமா என்று கேட்டேன், "எழுதும்" என்றார்.

யாழ்ப்பாணம் முழுக்க ஆமி நின்ற காலம். பருத்தித்துறை வீதியில் ஒரு சென்றிக் காவலரணில் இவருடைய மினிபஸ்ஸை மறித்தார்கள். சனத்தை இறக்கி வரிசையில் விட்டுவிட்டு உள்ளே தேடினார்கள். பின் சீற்றுக்கு அடியிலிருந்து ஒரு பார்சல் வந்தது. கடதாசியில் சுற்றி நூலால் கட்டிய சின்னப் பார்சல். உள்ளே கொஞ்சம் வயரும் ரோச் பற்றறிகளும் இருந்தன. ரேடியோ திருத்துகிற யாரோ ஒருவருடையதாகத்தான் இருக்கவேண்டும். அந்தக் காலத்தில் குண்டு என்று சொல்ல அது போதும்.

"யாரோட பார்சல்?" என்று ஆமிக்காரன் கேட்டான்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் அந்தச் சனத்தைக் குறை சொல்லமாட்டேன். அந்த வரிசையில் நின்றிருந்தால் நானும் நிலத்தைத்தான் பார்த்திருப்பேன். பார்சலுக்கு ஆளில்லை என்றால் பஸ்ஸுக்கு ஆள் இருக்கிறது. இவரைக் கொண்டுபோனார்கள்.

அந்த மாரி முழுக்க நானும் மச்சாளும் முகாம் முகாமாக அலைந்தோம். ஜெனிற்றா கைப்பிள்ளை. அந்த நாட்களில் அப்படிக் கொண்டுபோனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சப்பேர்தான். இவர் திரும்பி வந்தார். எப்படி வந்தார் என்று எழுதவேண்டாம் என்றார், எழுதவில்லை. அந்தக் காலத்தில்தான் மச்சாள், மன்னார்க் காட்டுக்குள் கோயில் கொண்ட மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தவர்.

கனடா வந்தபிறகும் ஒரு பழக்கம் இவரை விட்டுப் போகவில்லை. எதில் ஏறினாலும் முதலில் குனிந்து சீற்றுக்கு அடியில் பார்ப்பார். லொறியில் பார்ப்பார். மெத்ரோவில் பார்ப்பார். கோயிலில் வாங்குப்பலகைக்கு அடியிலும் பார்ப்பார். ஜெனிற்றா சின்னவளாக இருந்தபோது அப்பா எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து, தானும் கூடக் குனிந்து தேடுவாள்.

5

சமாதானம் வந்து யாழ்ப்பாணப் பாதை திறந்தபின், மச்சாள் நேர்த்தி தீர்க்க ஊருக்குப் போனார். ஆவணித் திருநாளுக்கு மடுவுக்குப் போய், கோயில் மண் எடுத்துக்கொண்டு வந்தார். மடு மண் இருக்கிற வீட்டில் பாம்பு தீண்டாது, ஆபத்து அணுகாது என்பது எங்களில் அறியாத ஆள் இல்லை. இந்த நாட்டுக்குள் மண் கொண்டுவரக்கூடாது என்பது சட்டம். மச்சாளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் மிளகாய்த்தூளுக்குள் வைத்துக் கொண்டுவந்திருப்பார். ஏனென்றால் மிளகாய்த்தூளுக்குள் வைத்துத்தான் கொண்டுவந்தார்.

போன ஞாயிறு முதல்முறையாக எங்களோடு பந்தயம் பார்க்க வந்தார். தம்பி செய்கிற விசர்வேலையை ஒருமுறையாவது கண்ணால் பார்க்கவேண்டுமாம். வழியெல்லாம் செபமாலை. கார்கள் நிற்கிற கொட்டிலுக்குள் போனதும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. சுற்றிவர நின்ற மெக்கானிக்மார், சுத்தியல் கையில் பட்டாலும் நட்டுக் கழலாவிட்டாலும், நற்கருணைப் பேழையையும் பூசைக் கிண்ணத்தையும் பிரெஞ்சில் உரத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பார் பிள்ளை, வேலைத்தலத்திலயும் கோயில் நினைவு. பக்தியான சனம்" என்றார் மச்சாள்.

கெபெக்கில் அவைதான் தூஷண வார்த்தைகள் என்று சொல்ல ஜெனிற்றா வாயெடுத்தாள். நான் அவளுடைய காலை மிதித்தேன்.

முன்சோதனை முடிந்தது. ஜோசே வலையை இழுத்துப் பார்த்தார், பெல்ற்றை இழுத்துப் பார்த்தார், இவருடைய கூட்டைத் தட்டிப் பார்த்து "சரி, மரியோ" என்றார். இவரும் தன் பழக்கப்படி சன்னலுக்குள்ளால் தலையை விட்டு சீற்றுக்கு அடியில் பார்த்தார். பிறகு சாரதிகளின் கூட்டத்துக்குப் போனார். ஓட்டத்துக்கு முன் எல்லாச் சாரதிகளையும் கூப்பிட்டு, கொடி விபரத்தை ஒவ்வொரு கிழமையும் முதலிலிருந்து சொல்வார்கள்.

அந்த இடைவெளியில் மச்சாள் காரடியில் நின்று செபித்தார். நானும் ஜெனிற்றாவும் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து வந்தவர் நேரே உள்ளே நுழைந்து பெல்ற்றைப் பூட்டிக்கொண்டார்.

இவர் நன்றாக ஓட்டினார். எனக்கு இந்த விளையாட்டில் ஒரு கருமமும் விளங்காது என்றாலும், எட்டாவதாக நின்ற இவருடைய முப்பத்தெட்டாம் நம்பர் ஆறாவதாகி, நான்காவதாகி, மூன்றாவதானது தெரிந்தது. மச்சாள் எழும்பி நின்று "விடாதை தம்பி, விடாதை!" என்று கத்தினார், பருத்தித்துறை பஸ்ஸுக்குள் இருக்கிற மாதிரி. முடிய இரண்டு மூன்று சுற்று இருக்கையில் முன்னால் போன ஒரு கார் சுழன்று குறுக்கே நின்றது. மஞ்சள் கொடி விழுந்தது. எல்லோரும் மெதுவாக்கினார்கள். முப்பத்தெட்டு மட்டும் மெதுவாகவில்லை.

நேரே குறுக்கே நிற்கிற காரை நோக்கிப் போனது. என் கையிலிருந்த பொரியல் கீழே கொட்டிவிட்டது. கடைசி நிமிஷத்தில் இடப்பக்கம் புல்லுக்குள் இறங்கி, ஒரு உலுப்பு உலுப்பி, பிறகு மெதுவாகி, தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஜெனிற்றா என் தோளைப் பிடித்திருந்தாள்.

6

மூன்றாம் இடம். முதல் மூன்று கார்களையும் சோதனைக் கொட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றோம். இவர் சன்னலுக்குள்ளால் வெளியே வந்து, தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, தானாகவே ஜோசேயிடம் போய்க் காலைக் காட்டினார்.

"பிறேக். நோ குட். நீ பார்" என்றார் பாதி பிரெஞ்சிலும் பாதி இங்கிலீசிலும்.

ஜோசே ரோச்லைற்றோடு உள்ளே குனிந்தார். கொஞ்ச நேரம் கழித்து, பிறேக் பெடலுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ இழுத்து எடுத்தார். வெள்ளைத் துணியில் சுற்றி நூலால் கட்டிய சின்னப் பொட்டலம்.

"இது என்ன? யாருடையது?" என்று ஜோசே பிரெஞ்சில் கேட்டார்.

இவருடைய முகத்தை நான் பார்த்தேன். இரத்தம் முழுக்க இறங்கிவிட்டது. இரண்டு கைகளும் தானாக மேலே எழும்பின. தோள் மட்டத்தில், விரல்களை விரித்துப் பிடித்தபடி. பக்கத்தில் நின்ற மற்றச் சாரதிகள் ஏதோ பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். ஜோசே சிரிக்கவில்லை.

எனக்குள் எல்லாம் ஒன்றாக ஓடியது. முதலாளியின் மருமகன். ஒலிபெருக்கி. மோசடி. போடக்கூடாத சாமான் ஒளித்து வைத்தவர் என்று இவருடைய பெயரை வாசிக்கப் போகிறார்கள். இந்த மனிதர் இன்னொரு முறை அதைத் தாங்கமாட்டார். நானும் நிலத்தைத்தான் பார்த்தேன்.

"அது என்ர!"

மச்சாள். கயிற்றைத் தூக்கிக்கொண்டு, சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, உள்ளே போய்விட்டார். ஒருவர் தடுக்க வந்தார். அவரையும் தள்ளினார்.

"தம்பிக்கு ஒண்டும் தெரியாது. நான்தான் வைச்சனான். சீற்றுக்குக் கீழ வைச்சனான். என்னைக் கேளுங்கோ!"

தமிழில்தான் கத்தினார். ஜோசேக்கு ஒரு எழுத்தும் விளங்கியிராது. ஆனால் ஜெனிற்றா பின்னாலேயே போய்விட்டாள். அப்பாவின் இரண்டு கைகளையும் மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு ஜோசேயைப் பார்த்து, நான் ஒருநாளும் கேட்டிராத வேகத்தில் பிரெஞ்சில் கதைத்தாள். மாதா கோயில் மண் என்றாள். மாமி காவலுக்கு வைத்தது என்றாள். அப்பா பார்த்தபிறகு வைத்தது என்றாள்.

ஜோசே பொட்டலத்தை அவிழ்த்து, ஒரு விரலால் மண்ணைத் தொட்டார். மணந்து பார்த்தார். பிறகு காரைத் தராசில் ஏற்றச் சொன்னார். பொட்டலம் இல்லாமலே காரின் பாரம் சரியாக இருந்தது.

"அப்ப இதால இவருக்கு ஒரு லாபமும் இல்லை" என்றார். ஜெனிற்றா எங்களுக்குச் சொன்னாள்.

ஆனால் ஜோசே அதோடு விடவில்லை. மச்சாளைக் கையைப் பிடித்துக் காரடிக்குக் கூட்டிப்போனார். குனிய வைத்து, பெடலைக் காட்டி, பொட்டலத்தை அதற்குப் பின்னால் வைத்து, தன் கையால் பெடலை அழுத்திக் காட்டினார். பெடல் பாதி வழியில் நின்றது. மூன்று முறை அழுத்திக் காட்டினார். மச்சாளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நிலத்திலேயே குந்திவிட்டார்.

"சீற்றுக்குக் கீழ இருந்தது ஓட்டத்தில உருண்டு முன்னுக்குப் போயிருக்காம். காருக்குள்ள இறுக்காத சாமான் ஒண்டும் இருக்கக்கூடாது. அதுதான் சட்டம். இண்டைக்கு உங்கட இடம் இல்லை" என்று ஜெனிற்றா சொன்னாள். "அடுத்த கிழமை வரலாமாம், அப்பா."

இவர் முதல்முறையாக வாய் திறந்தார். "என்னெண்டு எழுதுறா எண்டு கேள். கள்ளன் எண்டோ?"

ஜெனிற்றா கேட்டாள். ஜோசே எழுதிய பலகையை இவர் பக்கம் திருப்பி, ஒரு சொல்லைப் பேனையால் தட்டிக் காட்டினார். பாதுகாப்பு என்று இருந்தது. இவருக்கு வாசிக்கத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்களில் அது ஒன்று. துறைமுகத்தில் எல்லாச் சுவரிலும் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஜோசே மண்ணைத் திரும்பவும் கவனமாகக் கட்டி, மச்சாளின் கையில் வைத்தார். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் ஜெனிற்றாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கொண்டு வரலாமாம், மாமி. ஆனா ஒரு இரும்புப் பெட்டிக்குள்ள போட்டு, நட்டு இறுக்கி, வெள்ளைப் பெயின்ற் அடிச்சு, முப்பத்தெட்டு எண்டு எழுதவேணுமாம்."

7

வீட்டுக்குத் திரும்பும்போது நான் ஓட்டினேன். இவர் பக்கத்தில் இருந்தார். பின்னால் மச்சாளும் ஜெனிற்றாவும். மச்சாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். இவருக்கு மூன்றாம் இடம் போன கவலையாக்கும் என்று நினைத்து, வழியில் ஒரு டெப்பனர் கடையில் நிறுத்தி இவருக்குப் பிடித்த இஞ்சிச் சோடா வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தார்.

"தம்பி, என்னை மன்னிச்சுக்கொள்ளு. உன்னைக் கொல்லப் பாத்திட்டன்" என்றார் மச்சாள்.

"சும்மா இருங்கோ அக்கா" என்றார் இவர். பிறகு போத்தலைக் கையில் உருட்டிக்கொண்டு, வெளியே சோளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஆருடையது எண்டு கேட்டா. நீங்கள் என்ர எண்டு சொன்னியள். நிறுத்துப் பாத்தா. எழுதினா. வீட்டை போகச் சொன்னா."

திரும்பவும் அதையே முதலிலிருந்து சொன்னார். கேட்டா, சொன்னியள், நிறுத்துப் பாத்தா, எழுதினா, வீட்டை போகச் சொன்னா. சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு வந்தது. என்ன சிரிப்பு என்கிறீர்கள்! கண்ணீர் வர வர, பெல்ற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மச்சாளும் அழுதுகொண்டே சிரித்தார். பின்னால் ஜெனிற்றா "என்ன அப்பா, என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் காரை வீதியோரமாக நிறுத்திவிட்டேன், எனக்குப் பாதை தெரியவில்லை.

அவளுக்கு அன்றைக்குத்தான் அந்த மினிபஸ் கதையைச் சொன்னோம். அந்தச் சோளத் தோட்டத்தோரம், வெயில் இன்னும் இருக்கும்போது. முழுக்கத் தமிழில் கேட்டாள். ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.

இன்று சனிக்கிழமை. நான் இதை எழுதுகையில் இவர் கராஜிலிருந்து வந்து பெட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வெள்ளைப் பெயின்ற் இன்னும் காயவில்லை. முப்பத்தெட்டு என்று எழுதியது ஜெனிற்றா. நாளைக்குக் காலைப் பூசைக்குத் தானும் வருகிறேன் என்கிறாள், அங்கிருந்து நேரே போகலாமாம். சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். இவர் வந்து கதிரையை இழுத்து, அடியில் குனிந்து பார்க்காமலே குந்தி, சாப்பிடத் தொடங்கினார்.